உல்லாசம் யாருக்கு? – மன்னார்க் கரையோரம் பற்றி ஒரு விவாதம்

மன்னார்த் தீவின் எதிர்காலம் பற்றிப் பேசுவோரிடையே அண்மை ஆண்டுகளில் ஒரு கனவு பரவிவருகின்றது. இலண்டனிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் வாழும் எம்மவருட் பலர் தமது கோடை விடுமுறையை ஸ்பெயின் நாட்டின் தென்கரையிலும் அந்நாட்டுக்குரிய மயோர்க்கா, தெனரீஃபே முதலிய தீவுகளிலும் கழிப்பவர்கள். வெயில், மணல், கடற்குளிப்பு, விடியும்வரை ஆட்டபாட்டம் ஆகியவற்றை அங்கே கண்டு திரும்பும் அவர்கள், ஊருக்கு வந்து தாழ்வுபாட்டுக் கரையிலோ தலைமன்னார் ஊருமலைக் கரையிலோ நிற்கும்போது ஒரு கேள்வியை எழுப்புகின்றனர்: “வெயில் இங்கும் உண்டு; மணல் இங்கும் உண்டு; 2015 முதல் தலைமன்னார்வரை புகையிரதமும் மீண்டும் ஓடுகின்றது. இந்தக் கரை ஏன் இப்படி வெறிச்சோடிக் கிடக்கின்றது?” முதலீட்டாளரும் உத்தியோகத்தரும் இதே கேள்வியைத் தத்தம் மொழியிற் கேட்கின்றனர்.

இக்கேள்வியிலுள்ள ‘வெறிச்சோடி’ என்ற சொல்லே எமது விவாதத்துக்குரியது. மன்னார்க் கரை வெறுங்கரையன்று. அது பல்லாயிரம் குடும்பங்களின் தொழிற்களம். அதனை வெற்றிடமாகக் காணும் கண்ணுக்கே அது ஓர் ஸ்பானியக் கடற்கரையாகத் தோன்றுகின்றது. விருந்தினர் வரவேண்டும் என்பதில் எமக்கு ஆட்சேபமில்லை. அவர்கள் வருமுன் கரையின் உரிமை எவரிடம் இருக்கின்றது என்பது தீர்க்கப்பட வேண்டும் என்பதே எமது வாதம். இவ்வொழுங்கு தலைகீழாக்கப்படுமாயின் விளைவு யாதாகும் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. எனினும், எடுத்துக்காட்டாகக் காட்டப்படுவது ஸ்பெயினாதலால் அங்கிருந்தே தொடங்குவோம்.

அலிக்காந்தே மாகாணத்துப் பெனிதோர்ம் 1950 அளவில் சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஒரு கரையூர். சூரை மீனைப் பெருவலை கட்டிப் பிடிக்கும் தொழிலில் அவ்வூரார் பெயர் பெற்றவர்கள். 1956இல் அவ்வூருக்கு ஒரு நகரத் திட்டம் வரையப்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் அக்கடலோரம் வானளாவிய கட்டடங்களின் காடாயிற்று. மாலாகாவுக்கு அருகிலுள்ள தொரெமொலினோஸ் என்னும் மீன்பிடிக் கிராமமும் இக்காலத்திலேயே உருமாறியது. 1959இல் ஜெனரல் பிராங்கோவின் அரசு அந்நியச் செலாவணி வற்றிய நிலையிற் கொண்டுவந்த பொருளாதார உறுதிப்படுத்தல் திட்டமும், பயணமும் விடுதியும் உணவும் ஒரே விலையிலடங்கிய மலிவுப் பயணங்களும் இம்மாற்றத்தின் இரு கால்கள். 1960இல் ஏறத்தாழ 60 இலட்சமாயிருந்த பிறநாட்டார் வருகை 1973இல் 3 கோடியே 40 இலட்சத்தைத் தாண்டியது. 2024இல் அது 9 கோடியே 30 இலட்சத்தையும் கடந்தது.

இவ்வெண்களை மேற்கோள் காட்டுவோர் அவை எழுந்த சூழலைச் சொல்வதில்லை. அக்கட்டடங்களுட் பெரும்பகுதி எழும்பிய காலத்தில் ஸ்பெயினிற் சுதந்திரமான தொழிற்சங்கம் இல்லை; எதிர்க்கட்சி இல்லை; நகரசபைத் தலைவர்கள் மேலிருந்து நியமிக்கப்பட்டவர்கள். “ஸ்பெயின் வேறுபட்டது” என்ற கவர்ச்சி வாசகம் உலகெங்கும் ஒட்டப்பட்ட காலத்தில், அந்நாட்டுத் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்தாற் சிறை செல்ல நேர்ந்தது. கடற்கரையின் வெயில் ஒரு சர்வாதிகாரத்தின் முகத்துக்குப் பூசிய ஒப்பனையாகவும் பயன்பட்டது. யுத்தத்தின் பின் வந்த ஆண்டுகளில் எமது நாட்டிலும் கடற்கரைப் படங்களே சமாதானத்தின் படங்களாக உலகுக்குக் காட்டப்பட்டன என்பதை இவ்விடத்து நினைவிற் கொள்வது தகும்.

சனநாயகம் மீண்ட பின்னரே அந்நாட்டு மக்கள் தமது கரையை மீட்க முனைந்தனர். 1978ஆம் ஆண்டு அரசியல் யாப்பு, கடற்கரைகள் பொதுவுடைமை என்று விதித்தது. 1988இற் கரையோரச் சட்டம் வந்தது. ஆனாற் சட்டம் வருமுன் சீமெந்து வந்துவிட்டது. சட்டம் வந்த பின்னருங்கூட, அல்மேரியா மாகாணத்து இயற்கைக் காப்பகக் கரையில், 2003இல் 400க்கு மேற்பட்ட அறைகள் கொண்ட ஒரு விடுதியைக் கட்டத் தொடங்கினர். 2006இல் நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. ஆயினும் அந்த வெண்ணிறக் கட்டடம், திறக்கப்படாமலும் இடிக்கப்படாமலும், பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கரையிலேயே நின்றது. ஒருமுறை கரையிற் கட்டிய சுவரை அகற்றுவது, செல்வமும் சட்டமும் மிகுந்த ஐரோப்பிய நாடொன்றுக்கே அத்துணை அரிதாயின், எமக்கு எவ்வாறிருக்கும்?

2024 ஏப்பிரலிற் கனேரியத் தீவுகளின் வீதிகளிற் பல்லாயிரவர் திரண்டு, தமது தீவுகளுக்கு ஓர் எல்லை உண்டு என்று முழங்கினர். அவ்வாண்டிலேயே மயோர்க்காவிலும் பார்சலோனாவிலும் ஊர்வலங்கள் நடந்தன. விடுதியிற் பணிபுரிபவருக்கு அதே ஊரில் வாடகைக்கு ஒரு வீடு கிடைப்பது அரிதாயிற்று என்பது அவர்களது முதன்மையான முறைப்பாடு. ஆக, எமது கனவு காண்போர் எந்தக் கரையை முன்மாதிரியாகக் காட்டுகின்றனரோ, அக்கரையின் மக்களே அம்முன்மாதிரியை மறுத்து எழுந்துள்ளனர்.

“ஸ்பெயின் கிடக்கட்டும், நாம் வேறு வகையாகச் செய்வோம்” எனச் சிலர் கூறலாம். இலங்கையில் நாம் வேறு வகையாகச் செய்தோமா? இத்துறைக்கென 1966இல் இந்நாட்டில் ஒரு சபை சட்டத்தால் அமைக்கப்பட்டது. 1967இல் தொடங்கிய பத்தாண்டுத் திட்டத்தின் வழியே பெந்தோட்டை முதலிய தென்மேற்குக் கரைகள் விடுதி வலயங்களாயின. 1982இல் வந்தோர் தொகை நான்கு இலட்சத்தைத் தாண்டியது. 1983 ஆடிக் கலவரமும் அதன்பின் மூண்ட யுத்தமும் அத்தொகையை 1987இல் இரண்டு இலட்சத்துக்குங் கீழே வீழ்த்தின. 2018இல் 23 இலட்சத்தைக் கடந்த வருகை, 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளாலும் அடுத்துவந்த பெருந்தொற்றாலும் மீண்டும் சரிந்தது. இத்துணை எளிதில் முறியும் கிளையில் ஒரு பிரதேசத்தின் முழு வாழ்வையும் கட்டித் தொங்கவிட முடியுமா? வலையும் வள்ளமும் விற்று விடுதிப் பணியாளனானவன், விடுதி மூடப்பட்ட மறுநாள் எக்கடலுக்குப் போவான்?

இழப்பு வருமானத்தில் மட்டும் நிகழவில்லை. தென்மேற்குக் கரையிற் சிறுவர்கள் பாலியல் நுகர்வுக்கு விலையான கொடுமை பல பத்தாண்டுகளாக இந்நாட்டின் மனச்சாட்சியைக் குத்திவந்த செய்தியாகும். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின், வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என மீனவருக்கு விதிக்கப்பட்டபோது, விடுதிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. கடல் மீனவனை மட்டும் அடித்துச் செல்லும், விடுதியை விட்டுவைக்கும் என்று எந்த விஞ்ஞானம் கண்டதோ நாமறியோம். 2009இன் பின்னர் மட்டக்களப்புப் பாசிக்குடாவில் உயர்தர விடுதிகள் வரிசையாக எழுந்தன. வள்ளங்கள் கரையேறும் இடம் குடாவின் ஓரத்துக்குச் சுருங்கிற்று. காங்கேசன்துறையில், மக்கள் வெளியேற்றப்பட்ட உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இராணுவத்தினரே விடுமுறை விடுதி நடத்தினர். மன்னார் மாவட்டத்து முள்ளிக்குளத்து மக்கள் 2007இல் இடம்பெயர்ந்து, கடற்படை நிலைகொண்ட தமது ஊரின் ஒரு பகுதியையேனும் மீட்பதற்கு 2017வரை போராட வேண்டியிருந்தது. தன் வீட்டு முற்றத்துக்குத் திரும்பவே பத்தாண்டு காத்திருந்தவனிடம், ‘உல்லாசப் பிரயாணிகளுக்கு இடங்கொடு’ என்பதில் எத்துணைக் கொடுமை அடங்கியுள்ளது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனி, ‘வெறுங்கரை’ எனப்படும் மன்னார்க் கரையை நோக்குவோம். தாழ்வுபாடு என்னும் ஊர்ப்பெயரில் வருகின்ற ‘பாடு’ என்ற சொல், கரைவலை இழுக்கும் கரைப்பகுதியைக் குறிக்கும் தொழிற்சொல்லுமாகும். ஒரு பாட்டின் எல்லை எது, எவ்வலை எந்நாளில் முறைபெறும், பிடியில் எவருக்கு எப்பங்கு என்பன தலைமுறை வழக்கால் வரையறுக்கப்பட்டவை. வலை இழுக்காத நேரத்தில் அம்மணலிலேயே வலை உலர்கின்றது, வள்ளம் பழுது பார்க்கப்படுகின்றது, பெண்கள் கருவாடு காயவைக்கின்றனர். தீவின் வடபுறம் பாக்கு நீரிணைக் கடல். தென்புறம் மன்னார் வளைகுடா. சோளகம் வீசும் மாதங்களில் ஒரு கடல் கொந்தளிக்கும். வாடை வீசும்போது மற்றக் கடல். காற்றோடு தொழிலும் கரை மாறுகின்றது, வாடிகள் பெயர்கின்றன. ஆகவே எந்தக் கரையும் ஆண்டிற் சில மாதம் ஆளற்றதாகவே தோன்றும். அம்மாதங்களில் வந்து படம் பிடித்துச் செல்பவர், வெற்றிடத்தைக் கண்டோம் என்று அறிக்கை எழுதுகின்றனர். தரிசு விட்ட வயலுக்கு உடையவன் உண்டென்பதை எவரும் ஒப்புவர். ஓய்வு விட்ட கரைக்கு உடையவன் உண்டென்பதை ஒப்புவதற்கு மட்டும் தயங்குகின்றனர்.

இத்தயக்கத்துக்குக் காரணம் உண்டு. வயலுக்குக் காணி உறுதி இருக்கின்றது, பாட்டுக்கு உறுதியில்லை. கரைவலைக்கு அனுமதிப்பத்திரம் உண்டு. ஆயின் அது தொழில் செய்வதற்கான அனுமதியேயன்றி மணலுக்கான உரிமையன்று. சட்டத்தின் கண்ணிற் கரை அரசுக்குரியது; வழக்கத்தின் கண்ணில் ஊருக்குரியது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியிலேதான் குத்தகை நுழைகின்றது.

குத்தகை என்பது மன்னாருக்குப் புதிய அனுபவமுமன்று. இக்கரைக்குப் பருவந்தோறும் பெருங்கூட்டம் வந்து போனதொரு காலம் இருந்தது. முசலிப் பகுதியின் மரிச்சுக்கட்டியில் முத்துச் சலாபம் கூடும்போது, ஆளற்ற மணலில் ஓலையாலும் தடியாலும் ஒரு நகரமே சில வாரங்களில் எழும். குளியாளர், வணிகர், வட்டிக்காரர், பொலிசார், வைத்தியர், கூத்தாடிகள், சூதாடிகள் எனப் பல்லாயிரவர் அங்கு கூடுவர். ஆங்கில எழுத்தாளரான லெனாட் வுல்ஃப் தமது சிவில் சேவைக் காலத்தில், 1906ஆம் ஆண்டுச் சலாபத்திற் கடமையாற்றினார். உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவருக்கு எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கு, எஞ்சியது அரசுக்கு. அதுவும் போதாதென்று, அதே 1906இல் முத்துப் பார்களை ஒரு பிரித்தானியக் கம்பனிக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தனர். சில ஆண்டுகளில் பார்கள் வெறுமையாயின. குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பனியும் கலைந்தது. 1925க்குப் பின் குறிப்பிடத்தக்க சலாபம் நிகழவில்லை. உலகின் பேரரசிகளின் கழுத்தை அலங்கரித்த முத்து விளைந்த கரையில், அச்செல்வத்தால் எழுந்த பாடசாலை எது, வைத்தியசாலை எது, துறைமுகம் எது? பருவகாலப் பெருங்கூட்டம் தானாகவே ஊரை வளம்படுத்தும் என்போர் முதலில் இவ்வரலாற்றுக்கு விடை கூற வேண்டும். உரிமை வேறோரிடத்தில் இருக்கும்போது செல்வமும் வேறோரிடத்துக்கே போகும்.

இன்று இதே கரைமீது வேறு சில கண்களும் பதிந்துள்ளன. 2020 இறுதியிற் காற்றாலைப் பூங்காவொன்று 30 கோபுரங்களோடு தீவின் தென்கரையில் இயங்கத் தொடங்கியது. கனிய மணல் அகழ்வுக்கான முயற்சி பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வந்துள்ளது. இவை இரண்டுக்கும் எதிராக 2025 ஆகஸ்டு முதல் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். காற்றையும் மணலையும் வெயிலையும் தனித்தனியே விலைபேசுவோர் மூவரும் ஒரே வாக்கியத்திலேயே தொடங்குகின்றனர்: ‘அங்கே எதுவும் இல்லை.’ காற்றாலை நாட்டுக்கு மின்சாரம் தருகின்றது. அகழ்வு நிலத்தையே பெயர்க்கின்றது. விடுதி விருந்தினரை அழைக்கின்றது. பயனில் இவை வேறுபட்டவை. கரையில் வாழ்பவனைக் கேளாமல் முடிவெடுக்கும் முறையில் மட்டும் இவை ஒன்றுபடுகின்றன.

இத்திட்டங்களை எதிர்ப்போரிடையேயும் நாம் உடன்பட இயலாத ஒரு சாரார் உளர். ‘அரைகுறை ஆடையும் இரவுக் கேளிக்கையும் எமது பண்பாட்டைக் கெடுத்துவிடும்’ என்பதே இவர்களது முழு ஆட்சேபம். குளிக்கும் உடையின் அளவை மேடையில் விவாதிக்கும் இவர்கள், குத்தகைக் காணியின் அளவைப் பற்றி வாய் திறப்பதில்லை. கட்டுப்பாடான உடையோடு வரும் முதலாளி கரையை வேலியிட்டால் இவர்களுக்குக் குறையொன்றுமில்லை போலும்! களியாட்டம் தமிழர் கடற்கரைக்கு அந்நியமானதெனக் கூறுவது வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் மாறானது. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர், முழுமதி நாளிற் கடலுக்குச் செல்லாது, சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வம் பேணி, உண்டும் குடித்தும் மணலில் ஆடி மகிழ்கின்றனர். அங்கே களிப்பவன் உழைப்பவன், ஓய்வு அவனுடையது, மணலும் அவனுடையது. இன்றைய திட்டங்களில் அதே பரதவனின் வழித்தோன்றல் தட்டேந்தி நிற்பவனாகவோ, வேலிக்கு வெளியே நின்று வெளிச்சத்தைப் பார்ப்பவனாகவோ காட்சியளிக்கின்றான். ‘உல்லாசப் பிரயாணம்’ என்று இத்துறைக்குப் பெயரிட்டவர்கள் உல்லாசம் பிரயாணிக்கே உரியதென்பதை அறிந்தோ அறியாமலோ ஒப்புக்கொண்டுள்ளனர்.

எமக்கு எதிராகக் கூறப்படும் வலுவான வாதம் ஒன்று உண்டு. கடற்றொழில் நலிந்துவிட்டது, தமிழகத்து இழுவைப் படகுகள் அடிக்கடலை வழித்துச் செல்கின்றன, இளைஞர் கடலை வெறுத்து வெளிநாடு செல்லக் கடன்படுகின்றனர், இவர்களுக்கு ஒரு வேலை வேண்டாவா என்பதே அவ்வாதம். வேண்டும். அதனை மறுப்பது, பசித்தவனுக்குப் பழம்பெருமை பரிமாறுவதாகும். கரையோர மக்கள் ஒரே மனத்தவர் என்று நாம் கற்பனை செய்யவும் இல்லை. சம்மாட்டிக்கும் கூலிக்கு வலை இழுப்பவனுக்கும் நலன் வேறு. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு நெடுங்காலத்தின் பின் மீண்ட முஸ்லிம் மக்களின் காணிப் பிரச்சினையும் இக்கரையின் பிரச்சினையே. ஆனால் இவையாவும் எமது வாதத்தை வலுப்படுத்துவனவேயன்றித் தளர்த்துவன அல்ல. நலிந்தவனிடம் பேரம் பேசும் வலிமை குறைவு. ஆதலால் அவனுக்கே உரிமைக்காப்பு முதலில் வேண்டும். தேவைப்படுபவனாய் இருப்பதனாலேயே எந்த நிபந்தனையையும் அவன் ஏற்கவேண்டும் என்பது வட்டிக்காரனின் நியாயம்.

அவ்வாறாயின் நாம் வேண்டுவன யாவை? முதலாவது, கரையின் ஒரு முழம் தானும் குத்தகைக்கு விடப்படுமுன், ஒவ்வோர் ஊரின் பாடுகளும் வள்ளத்துறைகளும் வாடியிடங்களும் கருவாட்டு மணல்களும் அளந்து பதியப்பட்டுச் சட்டத்தின் காவலைப் பெறவேண்டும். இரண்டாவது, நீர். மன்னார்த் தீவின் நன்னீர், உவர்நீருக்கு மேல் மணலிலே தங்கிநிற்கும் மெல்லிய படலம். நீச்சற் குளத்துக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டினால் அயற்கிணறு உவராகும். விடுதியின் நீர்க்கணக்கு ஊரின் முன் வைக்கப்பட வேண்டும். மூன்றாவது, அனுமதி வழங்கும் அதிகாரத்திலும் வரிப்பணத்திலும் பிரதேச சபைக்கும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பங்கு வேண்டும். நான்காவது, சிறுமையே எமது வலிமை என்பதை உணரவேண்டும். 2008இற் சரணாலயமாக்கப்பட்டு 2010இற் சர்வதேச முக்கியத்துவமுடைய ஈரநிலமாக ஏற்கப்பட்ட வங்காலைக்கு மாரிகாலத்தில் நெடுந்தூரம் பறந்துவரும் பறவைகளைக் காண்பதற்கும், பள்ளிமுனைப் பெருக்க மரத்தையும் மாந்தைத் துறையின் பழமையையும் அறிவதற்கும், சோளகக் காற்றிற் பட்டங்கட்டி அலைமேற் சறுக்குவதற்கும் வருபவனுக்கு இருபது மாடிக் கட்டடம் வேண்டியதில்லை. ஊரவர் வீட்டோடு சேர்ந்த சிறு விடுதிகளும் ஊர்ச் சமையலும் போதும்.

இறுதியாக, இவ்விதழைப் படிக்கும் மாணவருக்கும் விரிவுரையாளருக்கும் ஒன்று கூறவேண்டியுள்ளது. பாடுகளின் பெயர்கள், காற்றுகளின் பெயர்கள், வலைகளின் பெயர்கள், கரையெல்லை குறிக்கும் அடையாளங்கள் ஆகியன முதிய தொழிலாளரின் நாவில் மட்டுமே எஞ்சியுள்ளன. யுத்தமும் இடப்பெயர்வும் பல குடும்பங்களின் கடதாசிகளை அழித்துவிட்டன. நினைவும் நெடுநாள் நில்லாது. தமிழ் கற்போர் இப்பெயர்களைச் சொற்றொகுதியாகவும், புவியியல் கற்போர் வரைபடமாகவும், சட்டம் கற்போர் வழக்காற்று உரிமைச் சான்றாகவும் தொகுப்பார்களாயின், ‘அங்கே எதுவும் இல்லை’ என்று எழுதப்படும் அடுத்த அறிக்கைக்கு எதிரே வைப்பதற்கு ஓர் ஆவணம் இருக்கும். நெய்தற் பாடல்களுக்கு உரை கூறும் எமது துறைகள், நெய்தல் நிலத்துக்கு ஓர் உறுதி எழுத உதவுவதும் தமிழாராய்ச்சியே. அதனை அடுத்த விடுமுறையிலேயே, பேசாலையிலோ வங்காலையிலோ சிலாவத்துறையிலோ தொடங்கலாம்.